தம்புச் செட்டி தெருவுல தாத்தா கட்டிடத்தை இடிச்சுட்டு கிரீன் ஆபீஸ் கட்டலாமா?

மே 6, இரவு 9.20 (கேள்வி)

பாரிமுனையில தம்புச் செட்டி தெருவுல எங்க தாத்தா காலத்து கட்டிடம் ஒண்ணு இருக்கு. முகப்பு 22 அடி, உள்ள 110 அடி ஆழம். கீழ கிடங்கு, மாடி பத்து வருஷமா பூட்டியே கிடக்கு. இதை இடிச்சுட்டு தரைத்தளம் பிளஸ் நாலு மாடி, முன்பக்கம் முழுக்க கண்ணாடி, மொட்டை மாடியில சோலார், அடியில பேஸ்மெண்ட் பார்க்கிங், பசுமைக் கட்டிடத்துக்குக் குடுக்கற பிளாட்டினம் ரேட்டிங் வாங்கற மாதிரி ஆபீஸ்னு ஒருத்தர் படம் போட்டுக் குடுத்திருக்கார். பழைய ஏரியால இப்படி ஒரு கிரீன் பில்டிங் வந்தா நல்லதுதானே அண்ணா? சொந்தக்காரங்க எல்லாம் இடின்னுதான் சொல்றாங்க.

மே 6, இரவு 11.05

இடிக்காத தம்பி. காரணம் நிறைய இருக்கு, ஒவ்வொண்ணா எழுதறேன்.

முதல்ல நான் எங்கிருந்து பேசறேன்னு சொல்லிடறேன். எங்கப்பாவுக்கு ஆண்டர்சன் தெருவுல பேப்பர் கடை. ஸ்கூல் லீவுன்னா நான் அங்கதான். சுவர்ல இருந்து அரை அடி தள்ளி பலகை போட்டு அதுமேலதான் ரீம் அடுக்கணும், ஒட்டி வச்சா ஒரே மழையில ஓதம் ஏறி ஓரமெல்லாம் மஞ்சளாயிடும். ஆனா அந்த சுவர் முதல்ல அப்படி இல்லன்னு அப்பா சொல்வார். சுண்ணாம்புப் பூச்சை உதிர்த்துட்டு சிமெண்ட் பூசின வருஷத்துல இருந்துதான் ஓதமே ஏற ஆரம்பிச்சுதாம். அதுக்கு அர்த்தம் சிவில் படிச்சு, சைட்ல நின்னு, ஜார்ஜ் டவுன்லயே மூணு வேலை பாத்த அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது.

மே 7, காலை 6.40

சோலார்ல இருந்து ஆரம்பிக்கலாம், கணக்கு சுலபம்.

22க்கு 110, 2,420 சதுர அடி, கிட்டத்தட்ட 225 சதுர மீட்டர். அதுல படிக்கட்டு, லிஃப்ட் ரூம், தண்ணி டேங்க், ஏசி அவுட்டோர் யூனிட் எல்லாம் போக பாதி மிஞ்சினா பெருசு. ஒரு கிலோவாட் பேனலுக்கு சுமார் 10 சதுர மீட்டர் வேணும், அப்போ 11 கிலோவாட். சென்னையில ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட்னு வச்சா 44 யூனிட்.

இப்போ செலவு. அஞ்சு தளம், தளத்துக்கு 2,000 சதுர அடி, மொத்தம் 10,000. கண்ணாடி முகப்புன்னா 150 சதுர அடிக்கு ஒரு டன் ஏசி போடச் சொல்வாங்க, 65 டன் வந்துடும். டன்னுக்கு ஒரு கிலோவாட், எட்டு மணி நேரம், 500 யூனிட். 44 எங்க, 500 எங்க.

மே 7, மதியம் 1.15

காலையில எழுதினதை திருத்தணும், அவசரத்துல தப்பு பண்ணிட்டேன். 10,000 சதுர அடி உனக்குக் கிடைக்கவே கிடைக்காது. 2019 கட்டிட விதிப்படி எஃப்எஸ்ஐ 2. அப்படின்னா எல்லா தளமும் சேர்த்து மனை அளவுல ரெண்டு மடங்குதான் கட்டலாம், 4,840 சதுர அடி. அதுக்கு மேல பிரீமியம் எஃப்எஸ்ஐ பணம் கட்டி வாங்கலாம், ஆனா அது ரோடு அகலத்தைப் பொறுத்தது, நம்ம தெருவெல்லாம் எவ்வளவு அகலம்னு உனக்கே தெரியும். அப்போ ஏசி 32 டன், நாளைக்கு 250 யூனிட் கிட்ட. எல்லா நேரமும் முழுசா ஓடாது, 200ன்னு வை. சோலார் அதுல அஞ்சுல ஒரு பங்கு. போடறது நல்லதுதான், ஆனா அதை வச்சு கட்டிடத்தையே பசுமைன்னு சொல்ல முடியாது.

இந்தத் திருத்தத்துல இன்னொரு விஷயம் மாட்டுச்சு பாரு. இப்போ நிக்கிற பழைய கட்டிடம் கீழயும் மேலயும் சேர்த்து எவ்வளவு இருக்கும்? முற்றம் போக ஒரு தளத்துக்கு 2,000ன்னா ரெண்டு தளம் 4,000. இடிச்சு, கட்டி, ரெண்டு வருஷம் வட்டி கட்டி, உனக்குக் கூடுதலா வர்றது 840 சதுர அடி. அந்தப் படத்துல இருக்கற நாலு மாடி எந்தக் கணக்குல வந்துச்சுன்னு வரைஞ்சவர்கிட்ட கேளு.

மே 7, இரவு 10.30

“பழசுல வெளிச்சமே இருக்காதே, ஆபீஸுக்கு எப்படி”ன்னு மேல ஒருத்தர் கேட்டிருக்கார். நியாயமான கேள்வி.

ஜார்ஜ் டவுன் தொடர் கட்டிடப் பகுதி, பக்கவாட்டுல இடம் விடவே வேணாம், ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டு சுவர்தான். 110 அடி ஆழத்துக்கு முன்னாடி கண்ணாடி போட்டா முதல் 15, 20 அடிக்குதான் வெளிச்சம், அதுக்குப் பின்னாடி பகல்லயே டியூப்லைட். முன்னாடி உக்காந்தவன் கண்ணு கூசுதுன்னு ஸ்க்ரீனை இழுத்து மூடிடுவான், அப்புறம் அந்த 20 அடியும் போச்சு. நான் வேலை பாத்த ஒரு கண்ணாடி ஆபீஸ்ல ஒன்பது மாசத்துல ஒரு நாள்கூட அந்த ஸ்க்ரீன் மேல போனதில்ல.

இந்த ஆழத்துக்கு வெளிச்சம் கொண்டுவர ஒரே வழி முற்றம். திண்ணை, ரேழி, முற்றம், பின்கட்டு, திரும்ப ஒரு சின்ன முற்றம்னு அந்த வீடுங்க இருக்கறது அழகுக்காக இல்ல. பக்கத்துல ஜன்னல் வைக்க முடியாத மனையில மனுஷன் குடியிருக்க வேற வழி இல்ல. ஆபீஸுக்கும் அதே மனைதான், அதே வெயில்தான்.

மே 9, இரவு 11.50

பேஸ்மெண்ட் பத்தி எழுதணும்னு ரெண்டு நாளா நினைச்சு தள்ளிப் போட்டேன். எழுதறேன்.

பல வருஷத்துக்கு முன்னாடி. இதே வட்டாரத்துல ஒரு சந்து, பேர் வேணாம். நான் சைட் இன்ஜினியர். பழைய கிடங்கை இடிச்சுட்டு ஆபீஸ், அடியில கார் நிறுத்த ஒரு தளம். கடல் கூப்பிடு தூரம், எட்டடி தோண்டினதும் தண்ணி. ராத்திரி பகலா பம்ப் வச்சு இறைச்சோம். தண்ணியோட மணலும் சேர்ந்து வெளிய வந்துட்டு இருந்ததை நான் பாத்தேன், கான்ட்ராக்டர்கிட்ட சொன்னேன், வேலையை நிறுத்துன்னு சொல்லல. சொல்லியிருக்கணும்.

பக்கத்து வீட்டுல ஒரு பாட்டி தனியா இருந்தாங்க. ஆறாம் நாள் கூப்பிட்டு சுவரைக் காட்டினாங்க, பூஜை அலமாரிக்கு மேல இருந்து வாசக்கால் மூலை வரைக்கும் சாய்வா ஒரு விரிசல், நகம் நுழையற அளவு. அதுக்கு குறுக்க சின்ன கண்ணாடித் துண்டு ஒண்ணை ரெண்டு பக்கமும் பிளாஸ்டர் வச்சு ஒட்டினேன், மேல பென்சில்ல தேதி எழுதினேன். சுவர் அசைஞ்சா கண்ணாடி உடையும், அதான் சோதனை. மூணாம் நாள் காலையில போறேன், கண்ணாடி ரெண்டா விட்டிருந்துச்சு. பாட்டி திட்டக்கூட இல்ல. “இது உங்க தாத்தா வீடா இருந்தா என்னப்பா பண்ணுவே”ன்னு மட்டும் கேட்டாங்க.

அன்னிக்கு பம்பை நிறுத்தினோம். குழியில பாதியை திரும்ப மண்ணு போட்டு மூடி, பேஸ்மெண்டை விட்டுட்டு, பாட்டி வீட்டு சுவருக்கு அடியில அஸ்திவாரம் பலப்படுத்திக் குடுத்தோம். விரிசல் அடைச்சாச்சு. ஆனா அந்தக் கேள்வி எனக்குள்ள அப்படியே நிக்குது.

பார்க்கிங் எதுக்கு தம்பி? 2019 பிப்ரவரியில இருந்து மண்ணடியிலயும் ஹைகோர்ட்லயும் மெட்ரோ நிக்குது, பீச் ஸ்டேஷன் நடந்து போற தூரம். உன் ஆபீஸுக்கு கார்ல வர்றவன் என்எஸ்சி போஸ் ரோட்டுல முக்கால் மணி நேரம் நின்னுட்டுதான் வரணும்.

மே 10, காலை 7.10

நேத்து எழுதினதுல ஒண்ணு மாத்தணும். எட்டடின்னு எழுதினேன், பழைய டைரியை எடுத்துப் பாத்தா ஒன்பதரை. தேதி மே 20, நல்ல கோடை. கோடையிலயே அவ்வளவுதான்னா ஐப்பசியில எங்க நிக்கும்னு பாத்துக்கோ.

மே 12, இரவு 9.45

ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேல இருக்கற ஈஸ்ட்கேட் கட்டிடத்தை ஒருத்தர் சொல்லியிருந்தார், கரையான் புத்து மாதிரி ஏசி இல்லாமலே குளிருமே, அதை இங்க பண்ணலாமேன்னு. மிக் பியர்ஸ்ங்கற ஆர்க்கிடெக்ட் பண்ணது, 1996ல திறந்தது. எனக்கும் ரொம்பப் பிடிச்ச கட்டிடம். ராத்திரி குளிர்காத்தை உள்ள இழுத்து கனமான கான்கிரீட்டைக் குளிர வச்சு, பகல்ல அந்தக் குளிர்ச்சியைத் திருப்பி எடுக்கறது. ஹராரே கடல் மட்டத்துக்கு மேல 1,500 மீட்டர் கிட்ட உயரத்துல இருக்கு, ராத்திரி நல்லா குளிரும். மெட்ராஸ்ல மே மாசம் ராத்திரி பெரும்பாலும் 27, 28க்கு கீழ இறங்காது, அதோட புழுக்கம் வேற. ராத்திரியே குளிராத ஊர்ல எதை சேமிச்சு வைக்கறது?

நம்மகிட்ட இருக்கறது கடல்காத்து. மத்தியானம் ஒரு மணி ரெண்டு மணிக்கு கிழக்குல இருந்து வரும். மே கடைசி, ஜூன்ல மேல்காத்து பலமா அடிச்சா அது லேட்டாகும், சில நாள் வரவே வராது, அந்த நாள்தான் நம்மளைக் கொல்றது. அதனால ஏசியே வேணாம்னு நான் சொல்லமாட்டேன். கம்ப்யூட்டர் ஓடற இடத்துல வேணும். 27ல ஏசியை வச்சு மேல ஃபேன் ஓடவிட்டா உடம்புக்கு 24 மாதிரி இருக்கும், கரண்டு பில்லுல வித்தியாசம் தெரியும். வருஷத்துல நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் ஜன்னலைத் திறந்து வச்சே வேலை பாக்கலாம், ஆனா அதுக்கு ஜன்னல் திறக்கணும். அந்தக் கண்ணாடி முகப்புல திறக்கற மாதிரி ஒரு பலகைகூட கிடையாது.

மே 12, இரவு 10.20

கண்ணாடியைவிட நிழல்தான் முக்கியம்னு நம்பிக்கை இல்லேன்னா ஒண்ணு பண்ணு. மே மாசம் மூணு மணிக்கு ஹைகோர்ட் வராந்தாவுல போய் பத்து நிமிஷம் நில்லு. 1892ல கட்டினது. வெயில் சுவர்ல படறதுக்கு முன்னாடியே வராந்தா அதைத் தடுத்துடுது. அப்படியே ரோட்டைத் தாண்டி ஏதாவது கண்ணாடிக் கடை வாசல்ல நில்லு.

மே 15, மாலை 6.30

லண்டன் ப்ளூம்பெர்க் கட்டிடத்தைக் காட்டி “பழைய நகரத்துக்கு நடுவுல புதுசா கட்டி 98.5 சதவீதம் மார்க் வாங்கலையா”ன்னு ஒரு நண்பர் கேட்டிருக்கார். வாங்கினாங்க, உண்மைதான். ப்ரீயம்ங்கற பிரிட்டன் பசுமைக் கட்டிட ரேட்டிங்ல அப்போ அது பெரிய ஸ்கோர், 2017ல திறந்தது, ஆர்க்கிடெக்ட் நார்மன் ஃபாஸ்டரோட ஆபீஸ் பண்ணது. நல்லது நிறைய இருக்கு: உயரத்தை அக்கம்பக்கத்துக்கு அடக்கமா வச்சாங்க, கட்டிடத்துக்கு நடுவுல ஜனங்க நடந்து போற பழைய ரோமன் பாதையைத் திரும்பக் கொண்டுவந்தாங்க, அடியில ரோமன் காலத்துல மித்ராஸ்ங்கற சாமிக்குக் கட்டின கோயிலை அதோட பழைய இடத்துக்கே கொண்டுவந்து வச்சு யார் வேணா பாக்கலாம்னு திறந்து விட்டாங்க. இதெல்லாம் நாம கத்துக்கணும்.

ஆனா முகப்புக்கு 9,600 டன் மணற்கல், ஜப்பான்ல இருந்து 600 டன் வெண்கலம், நம்ம நாட்டுல இருந்து கிரானைட். வாங்கின மார்க்குல தினசரி கரண்டும் தண்ணியும் பெருசா வருது, கல்லு வெட்டினது, உருக்கினது, கப்பல்ல வந்தது அந்த அளவு தெரியறதில்ல. உலகத்துல மனுஷன் வெளிய விடற கார்பன் டை ஆக்சைடுல 7, 8 சதவீதம் சிமெண்ட்ல இருந்தே வருது. உன் தாத்தா கட்டிடத்துக்கு செங்கல் சுட்ட புகை எப்பவோ போயிடுச்சு தம்பி. இடிச்சா அந்த செங்கல் குப்பை, திரும்ப முதல்ல இருந்து ஒரு புகை.

மே 18, இரவு 11.15

மெட்ராஸ் டெரஸ்ங்கற பழைய கூரை பத்தி கேட்டதால நீளமா எழுதறேன், இதை எழுத எனக்குப் பிடிக்கும்.

தேக்கு உத்திரம், அதுமேல குறுக்குக் கட்டை. கட்டைக்கு மேல மெலிசான செங்கல்லை நெட்டுக்குத்தா நிக்க வச்சு, மூலைவாட்டமா, சுண்ணாம்புக் கலவையில ஒட்டிக்கிட்டே வரணும். அது இறுகினதும் மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, வரிசையா உக்காந்து மரக்கட்டையால தட்டுவாங்க. நாள்கணக்கா தட்டுவாங்க. கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சுத் தட்டணும். கட்டை துள்ளித் திரும்பற சத்தத்தை வச்சே இறுகிடுச்சான்னு சொல்லிடுவாங்க. கடைசியில மேல தட்டையான ஓடு பதிப்பாங்க.

என்னோட மூணாவது வேலையில இப்படி ஒரு கூரையைப் பாதி பிரிச்சு சரி பண்ணோம். தட்டத் தெரிஞ்ச ஒரு அம்மா வந்தாங்க, அறுபது வயசுக்கு மேல. நான் மொபைல்ல ரெக்கார்ட் பண்ணிட்டே இருந்தேன், அவங்க நிறுத்திட்டு, “சத்தத்தை எடுத்து என்ன பண்ணுவே, கையைக் குடு”ன்னு என் உள்ளங்கையைக் கூரையில வச்சு அழுத்தி, பக்கத்துல தட்டினாங்க. இறுகாத இடத்துல கையில ஒண்ணும் தெரியல. இறுகின இடத்துல எலும்புல ஏறுச்சு. அன்னிக்கு மத்தியானம் மேல சூட்டுல கால் வைக்க முடியல, கீழ ரூம்ல ஃபேன் மட்டும் போட்டு சாப்பிட்டோம்.

சுவருக்கும் இதான் விஷயம். சுண்ணாம்பு சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெளிய விடும். சிமெண்ட் பூசினா வெளிய போற வழி அடைஞ்சு உள்ளயே ஏறும், உப்பு பூக்கும், பூச்சு பொருபொருன்னு கொட்டும். அப்பாவோட பேப்பர் மஞ்சளானது இதனாலதான்.

மே 19, காலை 8.00

“தேக்குக்கு நல்ல விலை வருது, இடிக்கறவரே நமக்கு பணம் குடுக்கறார்”னு நீ எழுதினதை இப்பதான் பாத்தேன். குடுப்பார். பர்மா தேக்கு உத்திரம், கதவு, தூண், எல்லாம் பழைய சாமான் கடையில அதைவிடப் பல மடங்குக்குப் போகும். அவர் உன் கூரையை வாங்கிட்டுப் போறார்.

மே 23, இரவு 10.10

என்னோட பழைய பதிவு ஒண்ணுல வடக்கு பாத்த ஜன்னல்ல வெயிலே படாதுன்னு எழுதியிருந்தேன், ஒரு மாணவி அதைப் படிச்சுட்டு சந்தேகம் கேட்டிருக்காங்க. அவங்க சொல்றது சரி. சென்னை 13 டிகிரி அட்சரேகை. ஏப்ரல் கடைசியில இருந்து ஆகஸ்ட் நடுவு வரைக்கும் உச்சி சூரியன் நமக்கு வடக்குல நிக்குது. ஜூன்ல காலையிலயும் சாயந்திரமும் வடக்கு சுவர்ல சாய்வா வெயில் அடிக்கும். அதனால வடக்குக்கும் சின்னதா ஒரு பக்கவாட்டுத் தடுப்பு வேணும். டில்லி, லண்டன் புத்தகத்தைப் பாத்து படம் போடறப்போ இந்தத் தப்பு வருது, எனக்கும் வந்திருக்கு.

மே 26, இரவு 9.30

பின்கட்டு இடிஞ்சு கிடக்குன்னு சொன்னியே, அங்க புதுசா கட்டலாம், அதுல எனக்கு எந்த மறுப்பும் இல்ல. முன்கட்டை இடிக்காம அப்படியே நிக்க விடு, பின்னாடி இரும்புச் சட்டம் போட்டு ரெண்டு தளம் ஏத்து. ஏன் இரும்புன்னா, ரெடிமிக்ஸ் கான்கிரீட் லாரி உன் தெருவுக்குள்ள வராது, வந்தாலும் பகல்ல விடமாட்டாங்க. இதே மாதிரி ஒரு வேலையில நாங்க எல்லாத்தையும் ராத்திரி மூணு சக்கர மீன்பாடி வண்டியில கொண்டுவந்தோம். வண்டியில ஏறாத நீளத்துக்கு எதையும் வடிவமைக்கக் கூடாதுன்னு முதல் நாளே முடிவு பண்ணி, சட்டத்தைத் துண்டு துண்டா பட்டறையில செஞ்சு, இங்க வந்து போல்ட் போட்டு முடுக்கினோம். என்னிக்காவது பிரிக்கணும்னா பிரிச்சு எடுத்துட்டுப் போகலாம். போற வண்டி காலியா போகாம இடிபாட்டை ஏத்திட்டுப் போச்சு, நல்ல செங்கல்லைத் தேய்ச்சு அங்கயே உள்சுவருக்குப் போட்டோம்.

அதே வேலையில நாங்க பண்ண தப்பையும் சொல்லணும். முற்றத்துல மழை, புறா ரெண்டும் வருதுன்னு மேல பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடினோம். மார்ச்லயே உள்ள அடுப்பு மாதிரி ஆயிடுச்சு, மேல் தளத்துல உக்காந்தவங்க எழுந்து கீழ வந்துட்டாங்க. அப்புறம் ஷீட்டை மூணடி தூக்கி, நாலு பக்கமும் திறந்து விட்டு, சுத்தி வலை அடிச்சோம். சூடு மேல போச்சு, கீழ தெருப்பக்கத்துல இருந்து காத்து இழுத்துச்சு. புறா மட்டும் வலைக்கு வெளிய உக்காந்து இன்னும் பாத்துட்டு இருக்கு.

மே 27, மதியம் 12.40

மறந்துட்டேன், முக்கியமான ஒண்ணு. பழைய லா காலேஜ் வளாகத்துக்குள்ள டேவிட் யேல், ஜோசப் ஹின்மர் கல்லறை இருக்கு, டேவிட்ங்கறது அப்போ மெட்ராஸ் கவர்னரா இருந்த எலிஹு யேலோட மகன், 1680கள்ல இறந்த குழந்தை. அது மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கப்பட்ட சின்னமா அறிவிச்சது, இப்போ நிலைமை என்னன்னு விசாரிச்சுக்கோ. அந்த மாதிரி சின்னத்துல இருந்து 100 மீட்டருக்குள்ள புதுசா கட்டவே கூடாது, அதுக்கு மேல 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டணும். உன் இடம் தெருவோட தெற்கு முனைன்னா முதல்ல டேப் பிடிச்சு அளந்துடு. இடிச்சுட்டு அப்புறம் கட்ட முடியலேன்னு வெறும் மனையோட நிக்கிறவங்களை எனக்குத் தெரியும்.

ஜூன் 2, இரவு 10.50

இன்னிக்கு தம்பியோட வீட்டைப் போய்ப் பாத்துட்டு வந்தேன். அரண்மனைக்காரன் தெரு வழியா நடந்தே போனேன். ஆர்மீனியன் தெருங்கறதை நம்ம ஜனங்க வாயில அரண்மனை ஆக்கி எத்தனை தலைமுறை ஆச்சோ, எனக்கு அந்தப் பேர்தான் பிடிக்கும்.

முன்கட்டு சுவர் ஒண்ணே முக்கால் அடி. கூரையில ரெண்டு உத்திரம் முனையில கரையான், மத்த பன்னெண்டும் சுத்தியால தட்டினா மணி மாதிரி சத்தம் குடுக்குது. மாடியில பெரிய ரூம் 18க்கு 28 அடி, பத்து மேஜை தாராளமா போடலாம். கீழ சிமெண்ட் பூச்சு முழுக்க உப்பு பூத்திருக்கு, அதை எடுத்தே ஆகணும்.

முற்றத்துல நடந்தப்போ ஒரு இடத்துல காலடி சத்தம் மாறுச்சு. சாவிக்கொத்தால தட்டிப் பாத்தேன், உள்ள வெத்து. மேல சிமெண்ட் பூசி மறைச்சிருந்த பலகைக்கல், ஓரத்துல துருப்பிடிச்ச இரும்பு வளையம். தம்பியோட அப்பா வந்து பாத்துட்டு, “ஆமா, கிணறு இருந்துச்சு, நான் சின்னப் பையனா இருக்கறப்பவே மூடிட்டாங்க”ன்னார். 2003ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு வந்தப்போ இவங்க வாசல்ல ரெண்டடிக்கு ஒரு குழி தோண்டி குழாயை விட்டிருக்காங்க, அது அடைச்சு பல வருஷம் ஆச்சு. மொட்டை மாடித் தண்ணி மொத்தமும் தெருவுக்குத்தான் போகுது, பத்தடி பக்கத்துல கிணறு.

பலகைக்கல்லைத் தூக்க நாலு பேரும் ஒரு கடப்பாரையும் வேணும். ஞாயித்துக்கிழமை வர்றேன்னு கொத்தனார் சொல்லியிருக்கார். திறந்ததும் உடனே எட்டிப் பாக்காதீங்க, ஒரு மணி நேரம் காத்து போகட்டும், அப்புறம் விளக்கைக் கயித்துல கட்டி இறக்கிப் பாக்கலாம். தண்ணி எத்தனை அடியில நிக்குதுன்னு அளந்து இங்க எழுதறேன், உப்பா நல்லதான்னும்.